சுவிட்சை அழுத்தும் முன்: மின் வட்ட ரம்பத்தைச் சோதித்துத் தயார் செய்தல்

கையில் பிடித்து இயக்கும் மின் வட்ட ரம்பம் மரத்துக்குள் இறங்கிய பிறகு ஏதாவது தவறு நேர்ந்தால், அதைத் திருத்துவதற்கு மனிதக் கைக்கு நேரம் கிடைப்பதில்லை. பரவலாகப் பயன்படும் 185 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 5,000 முறை சுழல்வதாக வைத்துக்கொண்டால், அதன் பல் விளிம்பு மணிக்கு 170 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் நகர்கிறது. ஆபத்தைக் கண்டுகொண்டு விரல் சுவிட்சிலிருந்து விலகுவதற்கு ஏறத்தாழ கால் நொடி ஆகும் என்றால், அதற்குள் பிளேடு 20 சுற்றுகளை முடித்திருக்கும். ஆகவே இந்தக் கருவியைப் பொறுத்தவரை, அறுக்கும்போது காட்டும் சாமர்த்தியத்தைக் காட்டிலும் அதற்கு முன் சில நிமிடங்கள் செய்யும் சோதனைதான் கையைக் காக்கிறது. அந்தச் சோதனையில் என்னென்ன பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்பதைப் புதிதாகக் கற்பவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

இந்தக் கருவியால் வரும் காயங்களுக்கு இரண்டு வழிகளே முக்கியமானவை. ஒன்று, சுழலும் பிளேடு படக்கூடாத இடத்தில் படுவது. மற்றொன்று, கருவியே மரத்திலிருந்து எகிறி, இயக்குபவரை நோக்கிப் பாய்வது. இதைப் பின்னுதைப்பு என்று சொல்லலாம், பட்டறைகளில் ‘மெஷின் உதைக்கிறது’ என்பார்கள். முதலாவது எல்லோருக்கும் புரியும். இரண்டாவதைப் புரிந்துகொண்டால்தான் சோதனையின் பாதிப் படிகளுக்குக் காரணம் தெரியும் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வட்ட ரம்பத்தின் பிளேடு, அதன் முன்பக்கப் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி எழும்படி சுழல்கிறது. மரத்துக்குள் இருக்கும் அடிப்பகுதிப் பற்கள் முன்னோக்கி ஓடி மேலேறி அறுக்கின்றன. பின்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அறுத்து முடித்த தடம் ஏதோ ஒரு காரணத்தால் மூடிக்கொண்டு பிளேடின் இரு பக்கங்களையும் கவ்விவிட்டால், பிளேடு சுழல முடியாமல் திணறும். மோட்டாரோ நிற்காது. பிளேடைச் சுழற்ற வேண்டிய விசை அப்போது கருவியையே பின்னோக்கியும் மேல்நோக்கியும் தள்ளிவிடுகிறது. தடம் மூடாமலேயே, கை சற்றுத் திரும்பி பிளேடு கோணலாகிவிட்டாலும் இதே நிலைதான்: பின்பக்கப் பற்கள் மரத்தின் மேற்பரப்பைக் கடித்து, அதன்மீது ஏறி, கருவியைத் தடத்திலிருந்து வெளியே தூக்கிவிடும். பிளேடைக் கவ்வவைப்பவை எவை என்று யோசித்தால் பட்டியல் நீளும்: மழுங்கிய பற்கள், பிசின் படிந்த பக்கங்கள், பிளேடு இறங்கும் ஆழத்தை நிலைநிறுத்தும் ஆழப் பூட்டின் தளர்ச்சி, தேவைக்கு மேல் இறக்கிய பிளேடு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தவறாகத் தாங்கப்பட்ட மரம். இவை அனைத்தும் சுவிட்சை அழுத்தும் முன்பே கண்ணுக்குத் தெரிபவை.

மின்சாரம் துண்டிக்கப்பட்ட கருவியில் மட்டுமே கைவைக்க வேண்டும்

சோதனை தொடங்குவது பிளக்கிலிருந்து. சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றி, அது நம் கண்ணில் படும் இடத்தில் கிடக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். அருகில் வேலை செய்யும் ஒருவர் வேறொரு கருவிக்காகச் சுவர் சுவிட்சைப் போட்டுவிடலாம். அதே நொடியில் நம் உள்ளங்கை ரம்பத்தின் சுவிட்சின் மேல் அழுந்தியிருக்கலாம். பேட்டரியில் இயங்கும் ரம்பமாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். ஒயர் இல்லை என்பதாலேயே அதைக் குறைவான ஆபத்துள்ளதாக நினைக்கும் வழக்கம் இருக்கிறது. உண்மையில் பேட்டரி மாட்டியிருக்கும் ரம்பம், எந்நேரமும் பிளக் மாட்டியே வைத்திருக்கும் ரம்பத்துக்குச் சமம்.

பிளேடு

பிளேடைப் பொறுத்தவரை முதல் கேள்வி, அது இந்தக் கருவிக்கு உரியதுதானா என்பது. பிளேடின் மேலேயே அதன் விட்டம், நடுத்துளையின் அளவு, தாங்கக்கூடிய அதிகபட்சச் சுழல்வேகம், பற்களின் எண்ணிக்கை ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். கருவியின் பெயர்ப்பலகையில் அதன் சுமையற்ற வேகம், அதாவது எதையும் அறுக்காமல் வெறுமனே ஓடும்போதுள்ள வேகம், குறிக்கப்பட்டிருக்கும். பிளேடில் உள்ள அதிகபட்ச வேகம், கருவியின் சுமையற்ற வேகத்துக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அந்தப் பிளேடை மாட்டவே கூடாது. நடுத்துளையும் கருவியின் தண்டும் சரியாகப் பொருந்த வேண்டும். துளை சற்றுப் பெரியதாக இருக்கிறது என்பதற்காக ஒயர்த் துண்டையோ டேப்பையோ சுற்றி இடைவெளியை நிரப்புவது மிகவும் ஆபத்தானது, ஏனெனில் மையம் அரை மில்லிமீட்டர் விலகினாலே இந்த வேகத்தில் முழுக் கருவியும் அதிரத் தொடங்கும்.

பற்களின் எண்ணிக்கை பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்பில்லாததுபோல் தோன்றலாம். 185 மில்லிமீட்டர் பிளேடில் 24 பற்கள் இருந்தால் அது மரத்தை நீளவாக்கில் வேகமாக அறுக்க ஏற்றது. 40 அல்லது 60 பற்கள் கொண்டது பிளைவுட் போன்றவற்றில் சிம்பு எழாமல் மென்மையாக அறுக்க ஏற்றது. ஆனால் 60 பல் பிளேடைக் கொண்டு தடித்த மரத்தை நீளவாக்கில் அறுக்க முயன்றால், பற்களுக்கு இடையில் உள்ள சிறிய இடைவெளி மரத்தூளால் நிறைந்து, வெப்பம் ஏறி, மரம் கருகத் தொடங்குகிறது. அப்போது நாம் நம்மையறியாமல் அழுத்தித் தள்ளுகிறோம். அழுத்தித் தள்ளும் கை, பிளேடு திடீரென வழுகும்போதும் கவ்வப்படும்போதும் கட்டுப்பாட்டை இழக்கும் கை.

அடுத்து பிளேடின் உடல்நிலை. தடித்த துணியால் பிடித்து நல்ல வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பி ஒவ்வொரு பல்லையும் பார்க்க வேண்டும். இன்றைய பிளேடுகளில் பெரும்பாலானவற்றின் பல் நுனியில் டங்ஸ்டன் கார்பைடால் ஆன சிறிய சில்லு பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தச் சில்லு உடைந்திருக்கிறதா, மூலை தேய்ந்து வட்டமாகிவிட்டதா, அறவே உதிர்ந்துவிட்டதா என்று பாருங்கள். ஒரு பல் இல்லாவிட்டாலும் அந்தப் பிளேடு பயன்பாட்டுக்கு உரியதல்ல. அடுத்த பல் இரட்டிப்புச் சுமையை வாங்கி அதுவும் விரைவில் உதிரும். பற்களின் அடிக்குழிவிலிருந்து மையத்தை நோக்கி மயிரிழை விரிசல் ஓடுகிறதா, எஃகின் மேல் நீலம் பாய்ந்த திட்டுகள் இருக்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும். நீலத் திட்டு, பிளேடு அளவுக்கு மீறிச் சூடாகி அதன் விறைப்பு கெட்டிருக்கலாம் என்பதற்கு அடையாளம். பல்லுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் அழுக்கல்ல, மரத்தின் பிசின். பல் கூர்மையாகவே இருந்தாலும் பிசின் பிளேடின் பக்கங்களைத் தடிமனாக்கி, தடத்தோடு உராயவைக்கும். புதியவர்கள் ‘பிளேடு மழுங்கிவிட்டது’ என்று எண்ணித் தூக்கி எறியும் பிளேடுகளில் பல, நன்றாகக் கழுவித் துடைத்து உலரவைத்தால் மறுபடி வெட்டக்கூடியவை.

மாட்டும்போது, பிளேடின் மேலுள்ள அம்புக்குறியும் காப்புறையின் மேலுள்ள அம்புக்குறியும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். பிளேடின் இருபுறமும் அதைப் பற்றிப் பிடிக்கும் வளையங்கள் சுத்தமாகவும், கருவியோடு வந்தவையாகவும் இருக்க வேண்டும். கிடைத்த வாஷரை அவற்றுக்குப் பதிலாகப் போடக்கூடாது. போல்ட் பொதுவாகப் பிளேடு சுழலும் திசையிலேயே கழலும்படி அமைக்கப்பட்டிருக்கும். இறுக்கி முடித்ததும் ஆலன் கீயையோ ஸ்பேனரையோ கருவியிலிருந்து எடுத்து, அதற்குரிய இடத்தில் செருகிவிட வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஆங்கிள் கிரைண்டரில் பல்லுள்ள மரப் பிளேடை மாட்டி அறுப்பதை நானும் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சிறிய கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுழலக்கூடியது; அதில் தானாக மூடும் காப்புறையும் கிடையாது, மரத்தின் மேல் படிந்து நகர அடித்தட்டும் கிடையாது. எந்தச் சோதனையாலும் அந்தச் சேர்க்கையைப் பாதுகாப்பானதாக்க முடியாது. கல்லையோ இரும்பையோ அறுக்கும் தேய்ப்புச் சக்கரத்தை மர ரம்பத்தில் மாட்டுவதும் இதே வகைத் தவறுதான்.

கீழ்க் காப்புறை

ரம்பத்தின் மேற்பாதியை மூடியிருக்கும் காப்புறை அசையாதது. கீழ்ப்பாதியை மூடியிருப்பது, மரத்தின் விளிம்பு தள்ளும்போது பின்வாங்கி, அறுத்து முடித்ததும் ஸ்பிரிங் விசையால் கண்ணிமைபோல் தானே மூடிக்கொள்வது. பிளேடு முதலில் படவிருக்கும் தொடையையும் விரலையும் காப்பது இதுதான். சோதனையில் ஒன்றுக்கு மட்டுமே நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சோதிப்பேன்.

பிளக் கழற்றிய நிலையில், காப்புறையின் நெம்புகோலைப் பிடித்து முழுவதும் பின்னுக்கு இழுத்து விட்டுவிடுங்கள். அது தயக்கமின்றிப் பாய்ந்து வந்து, நிறுத்தத்தில் ‘டக்’ என்று மோதி நிற்க வேண்டும். பிறகு பாதி வரை மட்டும் இழுத்து விடுங்கள். கால்பங்கு வரை இழுத்து விடுங்கள். முழுத் தூரத்தில் பாய்ந்து மூடும் காப்புறை, கடைசி இரண்டு விரற்கடைத் தூரத்தில் சோர்ந்து நின்றுவிடுவது உண்டு, ஏனெனில் அங்கே ஸ்பிரிங்கின் இழுவிசை குறைவு. கருவியை ஒருபக்கம் சாய்த்து, தலைகீழாகப் பிடித்தும் இதையே செய்து பாருங்கள். பிளேடை மிக ஆழமாக இறக்கிய நிலையிலும், 45 பாகைக்குச் சாய்த்த நிலையிலும் மறுபடி ஒருமுறை செய்ய வேண்டும். சில கோணங்களில் மட்டும் காப்புறை அடித்தட்டையோ பிளேடையோ உரசும். மூடுவதில் சோம்பல் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இரண்டு: அச்சைச் சுற்றி இறுகிய மரத்தூளும் பிசினும், அல்லது கருவி கீழே விழுந்ததால் வளைந்த காப்புறை. முதலாவதைத் தூரிகையால் சுத்தம் செய்யலாம். வளைந்ததையோ தளர்ந்த ஸ்பிரிங்கையோ பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்யும் வரை அந்தக் கருவி ஓரமாக இருக்கட்டும்.

அறுக்க வேண்டிய கோடு தெரியவில்லை என்ற காரணத்துக்காகக் காப்புறையைக் கம்பியால் கட்டியோ, மரத்துண்டைச் செருகியோ திறந்தே வைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு சில நொடிகள் சுழன்றுகொண்டே இருக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். திறந்த பிளேடுடன் அப்படியே கீழே வைக்கப்படும் ரம்பம், தரையில் தானாக ஓடும்.

சில மாடல்களில் பிளேடுக்குப் பின்னால் ஒரு தட்டையான உலோகத் தகடு நின்றிருக்கும். அறுபட்ட தடம் மூடிக்கொள்ளாமல் விரித்துப் பிடிப்பதே அதன் வேலை. இருந்தால், அது பிளேடோடு ஒரே கோட்டில் இருக்கிறதா, அதன் திருகு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் தடிமன் பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும், பற்கள் அறுக்கும் தடத்தின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பிளேடை மாற்றும்போது இந்தப் பொருத்தமும் மாறக்கூடும்.

ஒயர், பிளக், சுவிட்ச்

ஒயரைப் பிளக்கிலிருந்து கருவி வரை கையால் நீவிக்கொண்டே போனால், கண்ணுக்குத் தப்பிய வெட்டும் நசுங்கலும் விரலுக்குத் தெரியும். கருவிக்குள் ஒயர் நுழையும் இடத்திலுள்ள ரப்பர்க் குழாய் கிழிந்திருக்கிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள். மடங்கி மடங்கி முதலில் அறுவது அங்கேதான். பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் கருவி இரட்டைக் காப்பு கொண்டது, அதற்கு எர்த் இணைப்பு தேவையில்லை. அந்தக் குறி இல்லாமல் எர்த் முனையுள்ள பிளக்கோடு வந்த கருவிக்கு அந்த முனை வேலை செய்தே ஆக வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் பயன்படுத்தினால் ரம்பத்தின் மின்னோட்டத்தைத் தாங்கும் தடிமன் உள்ளதாக இருக்க வேண்டும். உருளையில் சுற்றிய ஒயரை முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும், இல்லையேல் சுற்றுக்குள் வெப்பம் தேங்கி ஒயரின் உறை உருகும். மெல்லிய நீண்ட ஒயரில் மின்னழுத்தம் குறைவதால் மோட்டார் வலுவிழந்து பிளேடு மரத்துக்குள் திணறவும் கூடும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் வழியாக இணைப்பது நல்லது.

சுவிட்சை அழுத்தி விடுவித்தால் அது சிக்காமல் வெளியே வர வேண்டும். தற்செயலாக இயங்காமல் தடுக்கும் பூட்டுப் பொத்தான் இருந்தால், அதை அழுத்தாமல் சுவிட்ச் உள்ளே போகக்கூடாது. இரண்டில் எது தவறினாலும் கருவியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆழமும் அடித்தட்டும்

பிளேடை மரத்தின் பக்கவாட்டில் வைத்து ஆழத்தைக் குறிக்க வேண்டும். மரத்தின் அடிப்பரப்புக்குக் கீழே ஒரு முழுப் பல்லின் உயரத்துக்கும் குறைவாகவே பிளேடு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பொதுவிதி. முழு ஆழத்துக்கு இறக்கிவிட்டால் எல்லாத் தடிமனுக்கும் போதுமே என்று தோன்றும். ஆனால் மரத்துக்குள் புதைந்திருக்கும் பிளேடின் பரப்பு அதிகமாக அதிகமாக, கவ்வப்படும் பரப்பும் அதிகமாகிறது. மரத்துக்கு அடியில் மறைந்திருக்கும் விரலுக்கோ ஒயருக்கோ எட்டும் பல்லும் அதிகமாகிறது. ஆழத்தை அமைத்ததும் ஆழப் பூட்டையும் சாய்வுப் பூட்டையும் இறுக்கி, அடித்தட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். அறுக்கும் நடுவில் பூட்டு நழுவினால் பிளேடின் கோணம் தடத்துக்குள்ளேயே மாறும். அது பின்னுதைப்புக்கு நேர்வழி. அடித்தட்டு வளைந்திருக்கிறதா என்பதை ஒரு நேர்விளிம்பை அதன்மேல் வைத்து அறியலாம். பிளேடு செங்குத்தாக இருக்கிறதா என்பதை மூலைமட்டம் சொல்லிவிடும்.

மரத்தைத் தாங்குவது

கருவி எவ்வளவு சரியாக இருந்தாலும், மரம் தவறாக வைக்கப்பட்டிருந்தால் பின்னுதைப்பு வரும். இரண்டு முக்காலிகளின் மேல் பலகையின் இரு முனைகளையும் வைத்து, நடுவில் அறுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அறுப்பு ஆழமாகச் செல்லச் செல்ல, மீதமிருக்கும் மரம் எடையைத் தாங்க முடியாமல் நடுவில் தொய்கிறது. தொய்யும்போது தடத்தின் மேல்விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்கி, பிளேடைச் சரியாக மேலிருந்து கவ்விக்கொள்கின்றன. கிட்டத்தட்ட முடியும் தறுவாயில், கவனம் தளரும் நேரத்தில், இது நடக்கிறது.

இதற்கு மாற்று எளிது. சிறிய துண்டை அறுத்தெடுப்பதாக இருந்தால், பெரிய பகுதியைக் கிளாம்ப் போட்டு மேசையில் இறுக்கி, வேண்டாத துண்டு மேசைக்கு வெளியே தொங்கி விழும்படி விட்டுவிட வேண்டும். அது விழும்போது தடம் திறக்குமே தவிர மூடாது. பெரிய பிளைவுட் தாளாக இருந்தால் அறுக்கும் கோட்டுக்கு இருபுறமும், கோட்டுக்கு அருகிலேயே தாங்குகோல்களை வைத்து, வெளி விளிம்புகளுக்கும் தனியாகத் தாங்குதல் தர வேண்டும். அப்போது அறுத்து முடித்த பிறகும் இரு பகுதிகளும் இருந்த இடத்திலேயே கிடக்கும். கருவியின் அடித்தட்டில் அகலமான பக்கம், நன்கு தாங்கப்பட்ட பகுதியின் மேல் படியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தைக் கையிலோ முழங்காலிலோ பிடித்துக்கொண்டு அறுப்பது எவ்வளவு சிறிய துண்டுக்கும் கூடாது.

பிறகு மரத்தையே படிக்க வேண்டும். பழைய கட்டடத்திலிருந்து எடுத்த மரமாக இருந்தால், உடைந்த ஆணி உள்ளே இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, வலுவான காந்தத்தைக் கோட்டின் மேல் நகர்த்திப் பாருங்கள். கணுக்கள் கோட்டில் குறுக்கிடுகின்றனவா, மரம் ஈரமாக இருக்கிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஈரமரமும் முறுக்கிய மரமும் அறுபடும்போதே உள்ளிருக்கும் இழுவிசை விடுபட்டுத் தடத்தை மூடும். அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பதற்கு ஒரு நொடிதான் ஆகும். மேசையின் விளிம்பு, கிளாம்பின் கால், கருவியின் சொந்த ஒயர் என எதுவும் பிளேடின் வழியில் இருக்கக்கூடாது.

உடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பக்கவாட்டும் மூடிய கண்ணாடி, காதடைப்பான், தூசி முகமூடி ஆகிய மூன்றும் தேவை. முகமூடியை ஒரு சம்பிரதாயமாக நினைப்பவர்களுக்கு: புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. தொங்கும் உடை, சங்கிலி, மோதிரம், கட்டாத நீண்ட முடி எதுவும் வேண்டாம். தளர்வான கையுறையும் அப்படியே, பிளேடு நூலைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும். நிற்கும்போது பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நில்லுங்கள். கருவி பின்னால் எகிறினாலும் அது உடலைத் தொடாமல் கடந்துபோக அந்த இடைவெளி உதவும்.

வெற்றோட்டம்

இவ்வளவும் முடிந்த பிறகே பிளக்கை மாட்ட வேண்டும். மாட்டும்போது விரல் சுவிட்சின் மேல் இருக்கக்கூடாது. இரண்டு கைகளாலும் இரு கைப்பிடிகளையும் பிடித்து, பிளேடு எதன்மீதும் படாமல், யாரையும் நோக்காமல் வைத்துக்கொண்டு சில நொடிகள் வெறுமனே ஓடவிடுங்கள். சத்தம் சீராக ஏறி ஒரே சுருதியில் நிற்க வேண்டும். கைப்பிடியில் படபடவென்று அதிர்வு தெரிந்தாலோ, பிளேடின் விளிம்பு கோடாகத் தெரியாமல் அகன்ற பட்டையாகத் தெரிந்தாலோ பிளேடு ஆடுகிறது என்று பொருள். மோட்டாரின் காற்றுத் துளைகள் வழியே வழக்கத்துக்கு மாறாக நெருப்புப் பொறி அதிகமாகத் தெரிந்தால் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சுவிட்சை விட்டு, பிளேடு முழுவதும் நிற்கும் வரை கருவியைக் கையிலேயே வைத்திருங்கள்.

பிளேடு ஆடினால் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடையும் பிடிவளையங்களையும் வெளியே எடுத்து, இரண்டும் சந்திக்கும் பரப்பைத் துடைத்து மறுபடி மாட்டிப் பாருங்கள். வளையத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய மரச்சிம்பே பிளேடைச் சாய்ப்பதற்குப் போதும். துடைத்து மாட்டிய பிறகும் ஆட்டம் நிற்காவிட்டால், வளைந்தது பிளேடா கருவியின் தண்டா என்பதை நல்ல பிளேடு ஒன்றை மாட்டிப் பார்த்துக் கண்டறியலாம். புதிய பிளேடும் ஆடினால் தண்டில்தான் கோளாறு. அந்தக் கருவி பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும்.